பாறு அழிந்தால் நமக்கென்ன?

'பிணந்தின்னி' என்பது நம்மிடையே ஒரு வசைச்சொல். ஆனால் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகு, சம்பளம் வாங்காத சுகாதாரப் பணியாளர். அதன் கதையில் ஷார்ஜா தொழில்பேட்டையில் வாழும் நமக்கும் ஒரு பாடம் இருப்பதால், இம்முறை நலப் பகுதியில் அதைப் பார்ப்போம்.

பாறு செய்யும் வேலை என்ன?

ஊர்ப்புறத்தில் ஒரு மாடு இறந்து கிடந்தால், பாறுக் கூட்டம் சில மணி நேரத்தில் எலும்பை மட்டும் மிச்சம் வைக்கும். அதன் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியில் உள்ள கிருமிகள் பெரும்பாலும் அதில் அழிந்துவிடும்.

அவை ஏன் அழிந்தன?

1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்தது. காரணம் 2004இல் தெரியவந்தது. மாடுகளின் வலிக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் அது. அந்த மருந்து உடலில் இருக்கும்போதே இறந்த மாட்டைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. கால்நடைகளுக்கு இம்மருந்தை இந்தியா 2006இல் தடை செய்தது.

மனிதருக்கு வந்த கேடு

பாறு இல்லாத ஊர்களில் மாட்டுச் சடலங்கள் கிடந்து அழுகின. நீர்நிலைகள் மாசடைந்தன, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி (விசர்நாய்க்கடி) ஆபத்தும் கூடியது. 2000 முதல் 2005 வரை இதனால் சுமார் 5 இலட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் என்பது பொருளியல் ஆய்வாளர்கள் எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகியோர் 2024இல் வெளியிட்ட மதிப்பீடு.

நாம் கவனிக்க வேண்டியவை

1. முதுகுவலி, மூட்டுவலி என்று எம்மிடம் வருவோர் பலர் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டையைக் காட்டுவார்கள். அதிலும் பெரும்பாலும் இதே டைக்ளோஃபெனாக்தான். மனித உடல் பாறுவின் உடல் அல்ல. மருத்துவர் சொன்ன அளவில் சில நாள் எடுத்தால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆனால் வெயிலில் வேலை செய்து, உடலில் நீர் வற்றிய நிலையில் தினமும் விழுங்கினால் நமது சிறுநீரகமும் பழுதடையலாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், வயிற்றுப்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

2. விடுமுறையில் ஊர் செல்லும்போது நாய் கடித்தால் அல்லது பிறாண்டினால், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைக்க வேண்டாம். அன்றே தடுப்பூசி போடத் தொடங்குங்கள். நோய்க்குறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது.

3. ஊரில் மாடு வளர்க்கும் உறவினருக்குச் சொல்லுங்கள்: மனிதருக்கான டைக்ளோஃபெனாக் ஊசியை மாட்டுக்குப் போடக்கூடாது. பாறுவுக்குத் தீங்கு செய்யாத மெலோக்சிகாம் இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் அதைக் கேட்கலாம்.

தமிழகத்தில் நீலகிரி, சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டி, அவை செய்யும் வேலையையும் சொல்லிக் கொடுங்கள்.