அழுக்குத் தண்ணிக்கும் ஒரு வழி வேணும்



பாத்திரம் கழுவுகிறோம், மீன் அலசுகிறோம், துணி துவைக்கிறோம். அந்தத் தண்ணியெல்லாம் எங்கே போகுது? நிறைய வீடுகளில் தெருவுக்குத்தான். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

முதலில் ஒரு கணக்கு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணீர் என்று அளவு வைத்தது. 5 பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். இதில் சுமார் 180 லிட்டர் குளித்த, கழுவின தண்ணியாக வெளியே வரும் என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் குடத்தில் 12 குடம்! ஒரு குழுவில் 15 வீடு என்றால் தினமும் 180 குடம். தேங்கினால் கொசு. கிணற்றில் கலந்தால் வயிற்றுப்போக்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அன்றைய கூலியும் போச்சு, குழுத் தவணையும் நின்னு போச்சு.

நம்ம மண் வேற

"ஆழமா குழி தோண்டி விட்டா மண்ணு உறிஞ்சிக்கும்" என்று சொல்வார்கள். செம்மண் மேட்டுக்கு அது சரி. வேம்பார் முதல் மணப்பாடு வரை நம் கடலோரத்தில் பல இடங்களில் மணல்தான். மணலில் தண்ணி சட்டென்று இறங்கிவிடும்; அழுக்கு வடிய நேரமே இருக்காது. அதோடு, கடலோரத்தில் உப்புத் தண்ணிக்கு மேலேதான் நல்ல தண்ணி மெல்லிய அடுக்காக நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது இன்னும் மேலே ஏறிவிடும். குழி ஆழமானால் நம் அழுக்கு நேரே அதில் போய்ச் சேரும்.

நாம் செய்ய வேண்டியது

1. கார்த்திகையில் கிணற்று நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். உறிஞ்சுகுழியின் அடிமட்டம் அதற்கு 6 அடியாவது மேலே இருக்கணும். கிணறு, அடிபம்பில் இருந்து 50 அடி தள்ளி இருக்கணும்.

2. அந்த அளவு கிடைக்காத இடத்தில் குழி வேண்டாம். மேடான பாத்தி கட்டி வாழை, கல்வாழை, சேம்பு வையுங்கள். வேரும் மண்ணில் உள்ள நுண்ணுயிரும் அழுக்கைத் தின்றுவிடும். பச்சையாகத் தின்னும் காய், கீரையை அதில் வைக்கக் கூடாது.

3. பாத்திக்கு முன்னால் ஒரு சிறு தொட்டி வையுங்கள். சோறு, எண்ணெய், மீன் செதில் அதில் தங்கும். வாரம் ஒருமுறை சுத்தம் செய்யணும். மீன் குடலை வாய்க்காலில் போடாமல் எருக்குழியில் மண் போட்டு மூடுங்கள்.

4. கக்கூஸ் தண்ணியை இதில் கலக்கவே கூடாது.

கக்கூஸ் தண்ணிக்கு என்ன வழி?

காவிரிக் கரையில் முசிறிப் பகுதியிலும் தோண்டினால் சீக்கிரம் தண்ணி வரும். அங்கே 2000ஆம் ஆண்டையொட்டி 'ஸ்கோப்' தொண்டு நிறுவனம் தரைக்கு மேலே தொட்டி கட்டி, சூழல் காக்கும் கழிப்பறைகளை அமைத்தது. மலம் சாம்பலோடு உலர்ந்து எருவாகும். சிறுநீருக்குத் தனி வழி. கழுவும் தண்ணி செடிப் பாத்திக்கு. இந்தப் பணிக்காக அதன் நிறுவனர் சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புதிதாகக் கழிப்பறை கட்டுகிறவர்கள் இதையும் யோசித்துப் பாருங்கள்.

செப்டிக் டேங்க் உள்ளவர்கள் அதன் தண்ணியைத் தெரு வாய்க்காலில் திறந்துவிடக் கூடாது. நிறைந்தால் லாரி வைத்துத்தான் எடுக்கணும். எடுத்ததை ஓடையிலோ கடலிலோ கொட்ட விடக் கூடாது. யாரையும் உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

தெருவுக்குப் பொது ஏற்பாடு

2020இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், கழிவுநீர் வேலைக்கு 5000 பேர் வரை உள்ள ஊருக்குத் தலைக்கு 280 ரூபாய், அதற்கு மேல் உள்ள ஊருக்கு 660 ரூபாய் வரை என்று வகுத்தார்கள். இப்போது எந்தத் திட்டத்தில் பணம் இருக்கிறது என்று ஊராட்சியில் கேளுங்கள். உலக தண்ணீர் தினமான மார்ச் 22 கிராமசபையில் கேட்டால் பொருத்தமாக இருக்கும். ஒருத்தி கேட்பதைவிட நாலு குழு சேர்ந்து கேட்டால் பதில் வரும்.

குழுக் கூட்டத்தில் பேச

• நம் தெருவில் தண்ணி எங்கே தேங்குது?
• எந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் குழி இருக்குது?
• முதலில் எந்த இரண்டு வீட்டில் பாத்தி போடலாம்?

பேசி முடித்ததும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பேச்சோடு நின்றால் தண்ணி தெருவிலேயே நிற்கும்.