சாமான் அறையும் தீப்பாதுகாப்பும்

2023 அக்டோபர் 7 அன்று, ஓசூரை அடுத்து மாநில எல்லைக்கு அப்பாலுள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றின. சரக்கு வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த வேளையில் மூண்ட அத்தீயில் 14 பேருக்கும் மேல் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் தமிழ்நாட்டு இளைஞர்கள். வீட்டுச் சாமான் அறை பட்டாசுக் கிடங்கு அன்று. ஆயினும் எரியும் பொருள் நெருங்கிக் குவிந்திருப்பதும், அதனருகே வெளியேறும் வழி குறுகியிருப்பதும் நம் வீடுகளிலும் உண்டு. படுக்கையில் நோயாளி இருக்கும் வீட்டில் இரண்டாவது குறையே பெரிது.

நம் பகுதியில் மாடிப்படியின் கீழுள்ள இடமே பல வீடுகளில் சாமான் அறை. பழைய மெத்தை, செய்தித்தாள், பெயிண்ட் டப்பா, இன்வெர்ட்டர் பேட்டரி யாவும் அங்கேதான். தீப்பிடித்தால் புகை படிக்கட்டு வழியே மேலேறும். மாடியில் இருப்பவர் இறங்க வழியிராது. ஆகவே நடக்க இயலாதவரைத் தரைத்தளத்தில், வாசலுக்கு அருகில் படுக்க வைப்பதே வேறெந்தக் கட்டட வேலையினும் மேலானது எனக் கருதுகிறோம்.

அறையைப் பொறுத்தவரை, இருபுறமும் சிமென்ட் பூசிய செங்கல் சுவர் நன்கு தாங்கும். மரத் தடுப்பாயின் அதன்மேல் ஜிப்சம் பலகை பொருத்தலாம். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர். சூடேறும்போது அந்நீர் ஆவியாகி வெப்பத்தை ஈர்ப்பதால் பின்னுள்ள மரம் உடனே பற்றாது. பிளாஸ்டிக் கதவு விரைவில் உருகிவிடும். கனமான மரக்கதவு சில நிமிடங்களேனும் தீயைத் தடுக்கும், மூடியிருந்தால். மின்கம்பி நுழையும் துளைகளையும் அடைத்துவிட வேண்டும். அவ்வாறு அடைத்த அறையில் பேட்டரி இருத்தலாகாது. சார்ஜ் ஏறும்போது ஈய அமில பேட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வெளிப்படுவதால், அதற்குக் காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது.

வீடு திரும்பும் நோயாளிக்கு ஆக்சிஜன் உருளை பரிந்துரைக்கும்போது, மாற்று உருளையைச் சாமான் அறையில் வைக்கலாமா எனக் குடும்பத்தினர் எம்மிடம் கேட்பதுண்டு. வேண்டா. ஆக்சிஜன் தானே எரியாது. ஆனால் காற்றில் 21 விழுக்காடாக உள்ள அதன் அளவு மிகும் இடத்தில் துணியும் தலைமுடியும் சட்டெனப் பற்றும். காற்றோட்டமுள்ள இடத்தில் உருளையை நிமிர்த்தி, சாயாதபடி சங்கிலியால் பிணைத்து வையுங்கள். எண்ணெய்க் கையால் வால்வைத் தொடலாகாது. அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுவத்தி ஆகியன 3 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். பாரஃபின் கலந்த களிம்பு ஊறிய கட்டுத்துணிகளும் எளிதில் எரிபவையே. அவற்றைச் சேர்த்து வையாதீர்கள்.

தீ மூண்டால் முதலில் நோயாளியை வெளியே கொணர்ந்து, அறைக் கதவை மூடுங்கள். 101 அல்லது 112 எண்ணை அழைத்து, எழ இயலாதவர் உள்ளே இருந்தால் அதனையும் அவர் இருக்கும் அறையையும் முதல் வாக்கியத்திலேயே தெரிவியுங்கள். ஆக்சிஜன் உருளை இருக்கும் இடத்தையும் சொல்லுங்கள்.