அடுக்கும் பெருக்கும்

‘அடுக்கு’ என்பது தமிழர் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் சொல். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த பாத்திரங்கள் அடுக்குப் பாத்திரங்கள். பல வரிசை இதழ்களை உடைய மலர் அடுக்குமல்லி. மாடிமேல் மாடியாக எழுவது அடுக்குமாடி வீடு. ‘பாம்பு பாம்பு’, ‘வா வா’ என ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருவதை இலக்கணம் அடுக்குத்தொடர் என்கிறது. கணக்கு வகுப்பில் ‘எக்ஸ்போனென்ட்’ என்றும், இந்தி நூலில் ‘காதாங்க்’ என்றும் மாணவர் கேட்கும் சொல்லுக்குத் தமிழில் வழங்கும் பெயரும் ‘அடுக்கு’ என்பதே.

குறியீடு

2×2×2×2×2 என்று ஐந்து முறை எழுதுவதற்கு மாற்றாக 2⁵ என்று சுருக்கி எழுதலாம். இதனை ‘இரண்டின் அடுக்கு ஐந்து’ என்று படிக்க வேண்டும். இங்கு 2 என்பது அடிமானம். 5 என்பது அடுக்கு. அடிமானத்தை எத்தனை முறை எழுதிப் பெருக்க வேண்டும் என்பதை அடுக்கு சொல்கிறது. 2⁵ என்பது 2×5 அன்று. முன்னது 32, பின்னது 10.

எண்ணினால் விதி விளங்கும்

அடுக்கு விதிகளை மனப்பாடம் செய்வோர் தேர்வு நாளில் அவற்றை மாற்றி எழுதிவிடுவதுண்டு. எண்ணிப் பார்ப்போருக்கு அந்த இடர்ப்பாடு இல்லை.

2³×2⁴ என்பதை விரித்து எழுதினால் முதலில் மூன்று இரண்டுகளும் பின்னர் நான்கு இரண்டுகளும் வரும். மொத்தம் ஏழு. ஆகவே விடை 2⁷. அடிமானம் ஒன்றாக இருக்கும்போது, பெருக்கினால் அடுக்குகள் கூடும்.

2⁵÷2³ என்பதில் ஐந்து இரண்டுகளுள் மூன்று நீங்குகின்றன, எஞ்சுவது 2². வகுத்தால் அடுக்குகள் கழியும்.

(2³)⁴ என்பது மும்மூன்று இரண்டுகள் கொண்ட நான்கு தொகுதி. எனவே 2¹². அடுக்கின்மேல் அடுக்கு வந்தால் அவை பெருகும்.

2⁰ ஏன் 1 ஆகிறது? 2³, 2², 2¹ ஆகியவற்றின் மதிப்புகள் 8, 4, 2. அடுக்கு ஒன்று குறையும்தோறும் மதிப்பு பாதியாகிறது. 2-இன் பாதி 1. ஆகவே 2⁰ = 1.

ஓர் எச்சரிக்கை: இவ்விதிகள் கூட்டலுக்குப் பொருந்தா. 2³+2⁴ என்பது 8+16, அதாவது 24. அது 2⁷ ஆகாது. 2⁷-இன் மதிப்பு 128.

மடிக்க மடிக்க

0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள தாள் ஒன்றை மடிப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு மடிப்பிலும் தடிப்பு இருமடங்காகும். 10 மடிப்பில் 2¹⁰, அதாவது 1,024 படலங்கள் சேரும். தடிப்பு சுமார் 10 சென்டிமீட்டர். இஃது ஒரு சாண்கூட இல்லை.

20 மடிப்பில் தடிப்பு 20 சென்டிமீட்டர் ஆகும் என்று தோன்றலாம். ஆனால் 2²⁰ = 2¹⁰×2¹⁰ = 10,48,576. தடிப்பு ஏறத்தாழ 105 மீட்டர். தில்லியிலுள்ள குதுப்மினாரின் உயரமோ சுமார் 73 மீட்டரே. 26 மடிப்பில் தடிப்பு 6,700 மீட்டரைத் தாண்டும். எனினும் எவரெஸ்ட் சிகரத்தை எட்டாது. இன்னும் ஒரே ஒரு மடிப்பில் 13,400 மீட்டரைக் கடந்து, சிகரம் கீழே நின்றுவிடும்.

இஃது எண்ணத்தால் மடிக்கும் தாள். உண்மையில், 2002 ஆம் ஆண்டு அமெரிக்காவில் பள்ளி மாணவியாக இருந்த பிரிட்னி காலிவன் என்பவர், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான மெல்லிய தாளை 12 முறை மடித்துக் காட்டினார்.

இரட்டித்து வளர்வது தொடக்கத்தில் சிறிதாகவே தோன்றும். ஆனால் கடைசி மடிப்பு ஒன்றே, அதற்கு முன்பிருந்த தடிப்பு முழுவதற்கும் ஈடாகச் சேர்க்கிறது.

வட்டியும் ஓர் அடுக்கே

வளர்வது தாளாயின் வியப்பு, கடனாயின் துன்பம். 100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய் வட்டி என்னும் கணக்கைப் ‘பத்து வட்டி’ என்பர். ஒருவர் 10,000 ரூபாயைப் பத்து வட்டிக்குக் கடன் பெற்று, ஓராண்டு எதுவும் செலுத்தவில்லை எனக் கொள்வோம். தனிவட்டியில், அசலுக்கு மட்டும் மாதம் 1,000 ரூபாய் கூடும். கூட்டுவட்டியில், வட்டியும் அசலோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஏறும்.

முதல் மாத முடிவில் இரு கணக்கிலும் கடன் 11,000 ரூபாய், வேறுபாடே இல்லை. இரண்டாம் மாதம் 12,000, 12,100. வேறுபாடு நூறு ரூபாய்தான். பன்னிரண்டாம் மாதத்திலோ தனிவட்டியில் 22,000, கூட்டுவட்டியில் 10,000×1.1¹², அதாவது 31,384 ரூபாய். கடன் மூன்று மடங்குக்கும் மேலாகிவிட்டது. முதலிரு மாதங்களை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது.

ஆகவே, கடன் தாளில் கையெழுத்திடுமுன் இரண்டு வினாக்கள் கேட்கத் தக்கவை: வட்டிக்கு வட்டி உண்டா? எத்தனை மாதம்? இரண்டாம் வினாவின் விடையே அடுக்கு. அதனைக் கணக்கிடத் தெரிந்த பிள்ளை வீட்டிற்கு ஒரு காவல்.

அருஞ்சொற்பொருள்

தடிப்பு – கனம், பருமன்
படலம் – மெல்லிய அடுக்கு
சாண் – விரித்த கையில் பெருவிரல் நுனி முதல் சிறுவிரல் நுனி வரையுள்ள அளவு
அசல் – கடனாகப் பெற்ற முதல் தொகை

பயிற்சி

1. விடை காண்க: 3²×3³, (5²)³, 7⁴÷7⁴.
2. 2²⁰-இன் மதிப்பைக் காணப் பாடத்தில் எந்த விதி பயன்பட்டது?
3. ஒரு குளத்தில் ஆகாயத்தாமரை நாள்தோறும் இருமடங்காகப் படர்கிறது. 30 ஆம் நாளில் குளம் முழுவதும் மூடிற்று எனின், பாதிக் குளம் மூடியது எந்நாள்? காரணம் கூறுக.
4. தனிவட்டி, கூட்டுவட்டி வேறுபாட்டை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கு விளக்குவது போல ஐந்து தொடர்களில் எழுதுக.
5. ‘அடுக்கு’ என்னும் சொல் வரும் வேறு தொடர்களை வீட்டாரிடம் கேட்டுத் தொகுக்க.