கணிப்பொறியில் வரைதல்: தொடக்க நிலைக்கு ஏற்ற நூலகம் எது?

நடுநிலை வகுப்புகளிலேயே நிரலாக்கப் பயிற்சியைத் தொடங்க வேண்டுமென 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. படம் வரைவது இதற்கு நல்ல தொடக்கமாகும். பிழை நேரின் மாணவரே அதைத் திரையில் காண்கிறார். கோடு, வட்டம், வண்ணம் முதலியவற்றுக்கான ஆணைகளை ஆயத்தமாகத் தொகுத்து வைத்திருப்பதே வரைகலை நூலகம் எனப்படும்.

உண்மையான செலவு

பைத்தான் மொழியின் டர்ட்டில், பைகேம், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குரிய பி5.ஜேஎஸ் ஆகிய மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. ஆகவே, இவற்றுள் தெரிவு செய்ய விலை அளவுகோலாகாது. வகுப்பு நேரமே இங்குச் செலவாகும் வளம். ஒரு கணிப்பொறியைப் பல மாணவர்கள் பகிர்ந்துகொள்ளும் ஆய்வகத்தில், பாடவேளை முழுவதும் நிறுவும் பணியிலேயே கழியுமாயின், அந்த இழப்பு மாணவருடையதே.

மூன்றின் ஒப்பீடு

1967இல் உருவான லோகோ மொழியின் வழிவந்தது டர்ட்டில். இது பைத்தானுடனேயே வருவதால் இணையம் தேவையில்லை. 100 அலகு முன்செல்லல், 90 பாகை திரும்பல் என்பவற்றை 4 முறை செய்தால் சதுரம் கிடைக்கும். சமபக்க முக்கோணம் வரைய 60 பாகை திரும்பும் மாணவருக்கு உருவம் மூடாது. திரும்ப வேண்டியது வெளிக்கோணமாகிய 120 பாகை என்பதை அவரே கண்டறிகிறார். தொடக்கப் புள்ளி திரையின் நடுவில் இருப்பதும், மேல்நோக்கிய திசை மிகை எண்ணாக அமைவதும் பள்ளிக் கணிதத்தோடு பொருந்துகின்றன. விரைவான அசைவுப் படங்களுக்கு இது ஏற்றதன்று.

2001இல் தொடங்கிய பிராசசிங் திட்டத்தின் வழிவந்த பி5.ஜேஎஸ், இணைய உலாவியில் இயங்குவது. நூலகக் கோப்பை முன்னரே பதிவிறக்கி வைத்தால் இணையமின்றியும் பயன்படுத்தலாம். அசைவும் சுட்டியின் தொடர்பும் இதில் எளிது. ஆனால், தொடக்கப் புள்ளி இடப்புற மேல்மூலையில் உள்ளது; கீழே செல்லச் செல்ல எண் கூடும். இதனை ஆசிரியர் முதலிலேயே விளக்க வேண்டும்.

பைகேம் தனியாக நிறுவப்பட வேண்டியது. சாளரம் திறத்தல், நிகழ்வுகளைக் கவனித்தல், திரையைப் புதுப்பித்தல் ஆகியவற்றை எழுதிய பின்னரே பயனுள்ள படம் கிடைக்கும். விளையாட்டுகள் உருவாக்க இது தக்கதெனினும், முதல் பாடத்திற்குச் சுமையே.

செய்யத்தக்கவை

முதலில் டர்ட்டில், சுழற்சியும் சார்பும் பழகிய பின் பி5.ஜேஎஸ், விருப்பமுள்ளோர்க்குப் பைகேம் என்னும் வரிசை பொருத்தமானது. சில லினக்ஸ் பதிப்புகளில் டர்ட்டிலுக்குத் தேவையான டிகிண்டர் பகுதியைத் தனியே நிறுவ நேரிடும். எனவே, ஆய்வகத்தைப் பொறுப்பேற்கும் அலுவலர், இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒவ்வொரு கணிப்பொறியிலும் ஒரு சதுரம் வரைந்து பார்ப்பது நலம்.

ஆற்றல் மிக்க நூலகம் எது என்பதைவிட, முதல் பாடவேளை முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரும் தம் கையால் ஓர் உருவத்தை வரைந்துவிட உதவுவது எது என்பதே கேட்க வேண்டிய கேள்வியாகும்.