வீட்டிலேயே பிலாட்டீஸ்: மூன்று மாதக் கணக்கு

அணுசக்தி நகர்க் குடியிருப்புகளில் வாழ்வோருள் பலர் நாளின் பெரும்பகுதியை நாற்காலியில் கழிப்பவர்கள். பகலெல்லாம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் மேசைப் பணி. மாலையில் கணினியோ தொலைக்காட்சியோ. ஐம்பது வயதை நெருங்கும்போது இடுப்பு வலி எட்டிப் பார்க்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழை பிடித்துக்கொண்டால், காலை நடையும் நின்றுவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே செய்யத்தக்க பயிற்சி உண்டா என்று கேட்போருக்கு இப்போது சொல்லப்படும் விடைகளுள் ஒன்று பிலாட்டீஸ். ஆனால், கருவிகள் நிறைந்த கூடங்களில் திரைக்கலைஞர்கள் மேற்கொள்ளும் பயிற்சி என்றே இது நம்மில் பலருக்கு அறிமுகமாகியிருக்கிறது. கட்டணமும் கருவியும் இன்றி வீட்டுத் தரையில் செய்தால் பயன் கிட்டுமா என்ற ஐயம் எழுவது இயல்பே.

பயிற்சியின் பிறப்பு வரலாறே அந்த ஐயத்தைத் தீர்க்கிறது. ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். இளமையில் உடல் நலிவுற்றவர். முதல் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்தமையால், பகைநாட்டவர் எனக் காவலில் வைக்கப்பட்டார். முகாம் வாழ்க்கையின் இட நெருக்கடிக்குள்தான் தம் பயிற்சி முறையை அவர் வளர்த்தெடுத்தார். 1920-களில் நியூயார்க் சென்று பயிற்சிக்கூடம் நிறுவினார். இன்று கூடங்களில் காணப்படும் கருவிகள் பலவும் அவர் வடிவமைத்தவற்றின் வழிவந்தவையே. எனினும் 1945-இல் வெளியான அவரது நூலில் உள்ள 34 பயிற்சிகளுக்கும் வேண்டியது ஒரு விரிப்பும், ஆள் நீட்டிப் படுக்க இடமும் மட்டுமே. வாரத்தில் நான்கு நாள்கள், மூன்று மாதங்கள் என்ற கால அளவையும் அந்நூலிலேயே அவர் குறிப்பிட்டார். தொடர் வைப்பின் இயல்பு தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே நாளில் ஒன்றரை மணி நேரம் செய்து, பிறகு பத்து நாள் விட்டுவிடுவது இங்கே கணக்கில் சேராது.

எவ்விதப் பயனை எதிர்பார்க்கலாம்? நாள்பட்ட இடுப்பு வலி பற்றி 2015-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, மொத்தம் 510 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சிகிச்சையோ பயிற்சியோ பெரிதாக இல்லாதிருப்பதைக் காட்டிலும் பிலாட்டீஸ் வலியைக் குறைக்கிறது. ஆனால், பிற உடற்பயிற்சிகளைவிடச் சிறந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பது அதன் முடிவு. எடை குறையும் என்று நம்பித் தொடங்குவோர் ஏமாற்றமே அடைவர். இதில் செலவாகும் ஆற்றல் குறைவு. இதயத்துக்கும் எடைக்கும் நடை வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலுக்கு இது மாற்று ஆகாது.

இனிச் செய்முறை. கோரைப்பாய் வழுக்கும்; முதுகெலும்பு தரையில் உறுத்தும். ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தால் போதும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். முதலில் கற்க வேண்டியது மூச்சு. யோகாசனம் பயின்றவர்களுக்கு இவ்விடத்தில் சற்றுக் குழப்பம் நேரும். மூச்சை இழுக்கும்போது வயிறு உப்ப வேண்டும் என்று அங்கே கற்றிருப்பர். இங்கோ அடிவயிறு மெல்ல உள்ளிழுத்தபடியே இருக்க, விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிய வேண்டும். கைகளை விலாவின் இருபுறமும் வைத்துப் பார்த்தால் விரிவு புலப்படும். முயற்சி மிகும் கணத்தில் மூச்சு வெளியேற வேண்டும். அடக்கி வைத்தல் கூடாது. முதல் வாரம் முழுதும் இதற்கே செலவானாலும் நட்டமில்லை.

அடுத்தது 'நூறு' எனப்படும் பயிற்சி. கைகளை உடலின் ஓரமாக நீட்டிச் சிறிதளவே மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு உள்மூச்சு, ஐந்து அசைவுக்கு வெளிமூச்சு. பத்துச் சுற்றில் நூறு நிறைவுறும். தலையைத் தூக்கிக் கால்களையும் உயர்த்திச் செய்வது மூல வடிவம். தொடக்கநிலையினர் தலையும் பாதங்களும் தரையில் இருக்க மூன்று சுற்றோடு நிறுத்தலாம். பின்னர் இடுப்பை மெல்ல உயர்த்தி, முள்ளெலும்பு ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கும் 'பாலம்', ஐந்து முறை. இறுதியாக, மண்டியிட்டுக் கைகளை ஊன்றி, வலக் கையையும் இடக் காலையும் நீட்டி, மறுபுறமும் அவ்வாறே செய்தல். முதுகின்மேல் தண்ணீர் நிறைந்த தம்ளர் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அசைவின் வேகம் தானே குறையும். எல்லாம் சேர்ந்து பதினைந்து நிமிடம். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட வேகத்தைக் குறைப்பதே கடினமானது. பயன் தருவதும் அதுவே.

ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் தனியே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூலப் பயிற்சிகளுள் பல, முதுகை முன்னோக்கிச் சுருட்டுபவை. ஆஸ்டியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு மெலிவு உடையோருக்கு இவை ஆபத்தானவை. மாதவிடாய் நின்ற, முதுகெலும்பு மெலிந்த 59 பெண்களை ஆராய்ந்து 1984-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர் முடிவுகளை வெளியிட்டனர். முன்வளையும் பயிற்சி செய்தோருள் 89 விழுக்காட்டினருக்குப் புதிதாக முள்ளெலும்பு முறிவு கண்டது. பின்வளையும் பயிற்சி செய்தோருள் அது 16 விழுக்காடு. ஆய்வு சிறியதே; ஆயினும் வேறுபாடு அலட்சியப்படுத்தத்தக்கது அன்று. மேலே கூறிய மூன்று பயிற்சிகளிலும் தலையைத் தூக்கி முதுகைச் சுருட்டும் அசைவு சேர்க்கப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். இணையக் காணொளியைப் பார்த்து உருண்டு எழும் பயிற்சிகளைத் தொடங்கும் முன் எலும்பு அடர்த்திச் சோதனை செய்துகொள்வது நலம். கால்வரை பரவும் வலி, மரமரப்பு, இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

தொடங்கும் நாளன்றே இரண்டு அளவுகளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டிய நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, 30 வினாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து அமர முடிகிறது என்பது ஒன்று. சுவரருகே நின்று, பற்றிக்கொள்ளாமல் ஒற்றைக் காலில் எத்தனை வினாடி நிற்க முடிகிறது என்பது மற்றொன்று. நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே நாற்காலியில், அதே வேளையில் மீண்டும் அளந்து பாருங்கள். பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் இரண்டும் அசையாமல் நின்றால், பயிற்சியை நீட்டாமல் ஓர் இயன்முறை மருத்துவரிடம் ஒரே ஒரு முறையேனும் உங்கள் அசைவுகளைக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.