முதியோரின் உடல் தளர்ச்சி: அளவிடும் முறைகள்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். இவர்களுக்கான நலத் திட்டங்கள் பெரும்பாலும் வயதையே தகுதியாகக் கொண்டுள்ளன. ஆனால் உடல் வலிமை வயதை ஒட்டியே குறைவதில்லை. 62 வயதில் எழுந்து நிற்கத் தடுமாறும் கூலித் தொழிலாளியும் உண்டு. 76 வயதில் வயலுக்கு நடந்து செல்பவரும் உண்டு. ஆகவே தளர்ச்சியைத் தனியே அளவிடுதல் இன்றியமையாததாகிறது.

தளர்ச்சி என்பது யாது?

இது ஒரு தனி நோயன்று. உடலின் இருப்பு ஆற்றல் குறைந்து, சிறு காய்ச்சலோ வீழ்ச்சியோ நேரினும் பழைய நிலைக்கு மீள்வது அரிதாகும் நிலையே தளர்ச்சி எனப்படும். 2001-இல் அமெரிக்காவில் லிண்டா ஃபிரைடு குழுவினர் இதற்கு 5 அடையாளங்களை வகுத்தனர்: தானாக எடை குறைதல், அயர்ச்சி, கைப்பிடி வலிமைக் குறைவு, மெதுவான நடை, உடலுழைப்புக் குறைவு. இவற்றுள் மூன்றோ அதற்கு மேலோ இருப்பின் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருப்பின் அதன் முன்நிலை.

எளிய சோதனைகள்

அளவு நாடா, கடிகாரம், நாற்காலி ஆகிய மூன்றும் துணைச் சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். முதியவரை வழக்கமான வேகத்தில் நடக்கச் செய்து நேரத்தைக் குறிக்கலாம். கைகளை மார்பில் மடித்து, நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து அமரச் செய்யலாம். தசைநலிவு பற்றிய ஆசிய ஆய்வுக் குழு 2019-இல் வெளியிட்ட வரையறைப்படி, நடை வினாடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்தாலோ, எழுந்து அமர 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனாலோ செயல்திறன் குறைவு எனலாம். கைப்பிடி வலிமைக்கு மட்டும் தனிக் கருவி வேண்டும். அதில் ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ என்பன எல்லைகள்.

கருத்தில் கொள்ள வேண்டியவை

அயல்நாட்டு அளவுகோல்களை அப்படியே ஏற்பது பொருந்தாது. ஃபிரைடு முறை ஓராண்டில் ஏறத்தாழ 4.5 கிலோ இழப்பைக் கேட்கிறது. 38 கிலோ எடையுள்ள ஏழை மூதாட்டிக்கு இது ஏறத்தாழ 12 சதவீதமாகும். அவ்வளவு இழக்கும்வரை காத்திருத்தல் கூடாது. 5 சதவீதம், அதாவது ஏறத்தாழ 2 கிலோ, என்னும் மாற்று அளவே அவருக்குப் பொருந்தும். உடலுழைப்பு பற்றிய அமெரிக்க வினாக்கள் ஓய்வு நேர விளையாட்டுகளையும் பயிற்சிகளையும் சார்ந்தவை. இங்கோ நீர் சுமத்தல், களையெடுத்தல், கால்நடை பேணல் ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும்.

பயன்

2017-18-இல் நடந்த இந்திய முதுமை ஆய்வு, நாடெங்கும் நடைவேகத்தையும் கைப்பிடி வலிமையையும் அளந்தது. எனினும் மாதிரி ஆய்வு நாட்டின் நிலையைக் காட்டுமேயன்றி, ஒரு கிராமத்தில் உதவி தேவைப்படுபவர் யாவர் எனக் காட்டாது. 2010-11-இல் தொடங்கிய முதியோர் உடல்நலப் பராமரிப்புக்கான தேசியத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாராந்தர முதியோர் மருத்துவப் பிரிவுக்கு வகை செய்துள்ளது. அங்கு இரத்த அழுத்தத்தோடு நடைவேகத்தையும் பதிவு செய்தல் கடினமன்று. முன்நிலையில் உள்ளவர் புரதம் மிக்க உணவாலும் தசைப் பயிற்சியாலும் வலிமையை மீட்க இயலும். படுக்கையில் விழுந்தபின் அவ்வாய்ப்பு மிகவும் குறுகிவிடுகிறது.