சேர்வரை மாற்ற முதல்: இளையவர்களுக்குப் பத்து அறிவுரைகள்

யாழ்ப்பாணத்தில் கடை, கூட்டுறவுச் சங்கம், தனியார் ஆஸ்பத்திரி, கல்வி நிலையம் என்று பல இடங்களில் லினக்ஸ் சேர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "ஐயா, இந்த லினக்ஸ் விநியோகத்தை விட்டு மற்றதுக்கு மாறுவமா?" கேட்டவர்களுக்குச் சொன்னதை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். "ஆதரவுக் காலம் முடிகிறது", "கணக்கு மென்பொருள் புதுப் பதிப்பைக் கேட்கிறது", "சந்தா கட்டுப்படியாகவில்லை" என்பவை காரணங்கள். "எல்லாரும் மாறுகிறார்கள்" என்பது காரணம் அல்ல. அந்த ஒரு வரி வராவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருங்கள்.

2. ஆதரவு முடியும் திகதியை அறிந்து வையுங்கள். அதையும் முழுதாக நம்பாதீர்கள். ரெட் ஹட் லினக்ஸின் இலவசப் பிரதியான சென்ட்ஓஎஸ் 8 இற்கு 2029 வரை ஆதரவு என்றிருந்தது. 2020 டிசெம்பர் 8 ஆம் திகதி, அது 2021 முடிவோடு நிற்கும் என்று அறிவித்தார்கள். சென்ட்ஓஎஸ் 7 இன் காலம் 2024 யூன் 30 இல் முடிந்தது. இன்னும் அதில் ஓடும் சேர்வர் உங்கள் பொறுப்பில் இருந்தால், மாறுவதா என்ற கேள்விக்கே இடமில்லை. எதற்கு மாறுவது என்பது மட்டும்தான் மிச்சம்.

3. பின்னால் நிற்பவர் யார் என்று பாருங்கள். சென்ட்ஓஎஸ் 8 அறிவிப்பின் பிறகு 2021 இல் அதன் இடத்துக்கு அல்மாலினக்ஸும் ரொக்கி லினக்ஸும் வந்தன. ரொக்கியைத் தொடங்கிய கிரெகரி கர்ட்சர், சென்ட்ஓஎஸ்ஸையும் தொடங்கியவர்களில் ஒருவர். அதே வகையான ஒரக்கிள் லினக்ஸ் 2006 முதல் இருக்கிறது. 2023 யூனில் ரெட் ஹட் தன் மூல நிரலைப் பொதுவில் தரும் வழியைச் சுருக்கியது. அல்மா, ரெட் ஹட்டின் அச்சொட்டான பிரதி என்ற இலக்கை விட்டு, ரெட் ஹட்டுக்கு எழுதிய மென்பொருள் ஓடினால் போதும் என்று முடிவெடுத்தது. ரொக்கி பழைய இலக்கிலேயே நின்றது. விளம்பரத்தை விட, நெருக்கடி நாளில் ஒருவர் எடுத்த முடிவு உங்களுக்கு அதிகம் சொல்லும்.

4. ரெட் ஹட் குடும்பத்துக்குள் மாறுவது வேறு, அந்தக் குடும்பத்தை விட்டு மாறுவது வேறு. சென்ட்ஓஎஸ் 8 இலிருந்து அல்மா 8 இற்கோ ரொக்கி 8 இற்கோ போக, இருக்கிற மெஷினிலேயே ஓடும் ஸ்கிரிப்ட் உண்டு. கட்டளைகளும் எஸ்ஈலினக்ஸும் அப்படியே இருக்கும். உபுண்டு, டெபியன் பக்கம் போனால் பொதி முகாமை முதல் கோப்புகள் இருக்கும் இடம் வரை மாறும். அப்படிப் போவதானால், பக்கத்தில் புது மெஷின் கட்டி, வேலைகளை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். பதிப்பு உயர்த்துவதையும் விநியோகம் மாற்றுவதையும் ஒரே இரவில் செய்யாதீர்கள்.

5. மென்பொருள் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். "ஓடும்" என்பதும் "ஓடாவிட்டால் நாங்கள் பார்ப்போம்" என்பதும் ஒன்றல்ல. அவர் ரெட் ஹட்டை மட்டும் ஏற்பதானால், சந்தா கட்டுவதே மலிவு.

6. விலையை ரூபாயில் பாருங்கள். 2022 இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களில் 360 வரை ஏறியது. டொலரில் கட்டும் சந்தா எப்படி வீங்கியிருக்கும் என்று முதலாளிக்கு விளங்கும். இலவசத்துக்கும் செலவு உண்டு: ஆதரவை விற்க ஒருவர் இல்லாத இடத்தில், நடுச்சாமத்தில் எழும்புபவர் நீங்கள்தான். ரெட் ஹட் 16 மெஷின் வரை இலவசமாகத் தரும் சந்தா தனி ஆளுக்கானது. கம்பனியை அதில் ஏற்றாதீர்கள்.

7. பழைய மெஷினை முதலில் சோதியுங்கள். ரெட் ஹட் 10 ஆம் பதிப்பு, ஏவிஎக்ஸ்2 வசதி இல்லாத பழைய புரொசெசர்களில் ஓடாது. இன்டெல்லில் அந்த வசதி 2013 அளவில்தான் வந்தது. அல்மா 10 மட்டும் பழையவற்றுக்கு ஒரு தனிப் பதிப்புத் தருகிறது. இரண்டாம் கை சேர்வர் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

8. தரவை முதலில் காப்பாற்றுங்கள். 1995 ஒக்டோபரில் போரால் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும்தான் எங்கள் ஆக்களின் பைக்குள் முதலில் போயின. உங்கள் தரவுத்தளமும் அமைப்புக் கோப்புகளும் அப்படியானவை. பக்கப் எடுத்ததோடு நிற்காமல், வேறு மெஷினில் அதை மீட்டு, பற்றுச்சீட்டு ஒன்றை அச்சடித்துப் பாருங்கள்.

9. நாளைத் தெரிந்து எடுங்கள். மாத முடிவு வேண்டாம், நல்லூர்த் திருவிழாக் காலம் வேண்டாம். பொதிகள் பாதி மாறிய நிலையில் கரண்ட் போனால் மெஷின் எழும்பாமலே போகலாம். யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை முன்கூட்டியே அளந்து வையுங்கள். புதியது ஒரு மாதக் கணக்கை ஒழுங்காக முடிக்கும் வரை பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள்.

10. அடுத்தவரை நினையுங்கள். நீங்கள் நாளைக்குக் கொழும்புக்கோ கனடாவுக்கோ போகலாம், சேர்வர் இங்கேதான் இருக்கும். இங்கே வேலைக்குக் கிடைக்கும் பிள்ளைக்கு எது பழக்கமோ, அதற்கு அதிக புள்ளி கொடுங்கள். என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், ஆதரவு எந்தத் திகதியில் முடியும் என்பதைத் தாளில் எழுதி முதலாளியிடம் கொடுங்கள். சேர்வருக்குள் மட்டும் வைத்த குறிப்பு, சேர்வர் விழுந்த அன்று யாருக்கும் உதவாது.